வேலை கிடைத்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது

மீள்குடியேறிய காலத்தில் எங்கள் வன்னிக் கிராமங்களுக்கு வாழ்வாதார உதவி வந்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். கணவனை இழந்தவளா, பத்துக் கோழிக்குஞ்சு. காலை இழந்தவளா, ஒரு தையல் இயந்திரம். பேச்சு வராத பிள்ளை இருக்கிற வீடா, ஓர் ஆடு. படிவம் நிரப்புவார்கள், பெயர்ப்பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒரே ஒழுங்கைக்குள் ஆறு தையல் இயந்திரங்கள் இருக்கும். தைக்கக் கொடுக்க ஆள் இருக்காது. அந்த உதவிகளைக் குறைசொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அந்த நாட்களில் எவரும் எங்களிடம் கேட்கவில்லை. "நீ ஓரிடத்துக்கு வேலைக்குப் போக விரும்புகிறாயா?" என்பதே அது.

2009 ஏப்ரலில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள் நான். இப்போது சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலைத்துணையாளராக இருக்கிறேன். ஆங்கிலத்தில் ஜொப் கோச் என்பார்கள். மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வேலை தேடிக் கொடுப்பது என் கடமையில் பாதிதான். அவரோடு கூடவே வேலைத்தலத்துக்குப் போய், வேலையைப் படிப்பித்து, அவரைச் சேர்த்துக்கொண்ட முதலாளிக்கும் துணைநின்று, பிறகு மெல்ல மெல்ல விலகிக்கொள்வது மற்றப் பாதி. இந்த இரண்டாம் பாதியைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஏனெனில் எங்கள் பிள்ளைகளின் வேலைகள் கைநழுவிப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு வகையில் இயலாமை இருந்தது. ஆட்கணக்கில் பார்த்தால் 16 இலட்சத்துக்கும் மேல். அவர்களில் வேலை செய்யும் வயதை எட்டியவர்களைப் பார்த்தால், பத்துப் பேரில் ஏழு பேர் வேலை செய்யவுமில்லை, வேலை தேடவுமில்லை. தேடினாலும் கிடைக்காது என்று வீட்டோடு இருந்தவர்கள் அதில் எத்தனை பேர் என்பதை உங்கள் ஒழுங்கையை வைத்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் இல்லாமலில்லை. அரசாங்க வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று 1988 இலேயே பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்துவிட்டது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆட்சேர்க்கும்போது இயலாமையைக் காரணங்காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த 3 வீதச் சுற்றறிக்கையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த இயலாமை கடமையைச் செய்வதற்குத் தடையாக இருக்கக்கூடாது. தடையா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? நேர்முகப் பரீட்சை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான். தனியார் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் அப்படியொரு ஒதுக்கீடுமில்லை. ஆகவே எங்கள் ஊர்களில் ஒருவருக்கு வேலை கிடைப்பதும் நிலைப்பதும் முதலாளியோடு நேரில் இருந்து பேசி முடிக்கிற காரியமாகத்தான் இருக்கிறது.

தலைகீழாக ஒரு முறை

நெடுங்காலமாக உலகம் முழுவதும் நடந்தது முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற முறை. பிள்ளையை ஒரு நிலையத்தில் சேர்ப்பார்கள். அங்கே மெழுகுதிரி ஊற்றுவான், கடதாசிப்பை ஒட்டுவான், தும்புத்தடி கட்டுவான். ஒரு வருடம், இரண்டு வருடம், சிலவேளை பத்து வருடமும் போகும். "இன்னும் அவன் தயாராகேல்லை" என்பார்கள். வெளியே வேலைக்கு ஒருநாளும் தயாராகமாட்டான். நிலையத்தில் கற்றதைப் புதிய இடத்தில், புதிய ஆட்களோடு, புதிய சத்தத்துக்குள் செய்வது அவனுக்கு வேறொரு வேலையாகவே படும்.

1970 களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் சிலர் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். முதலில் உண்மையான வேலைத்தலத்தில் உண்மையான சம்பளத்துக்குச் சேர்ப்பது, பிறகு அங்கேயே வைத்துப் பழக்குவது, பழக்குபவர் பக்கத்திலேயே நிற்பது. 1986 இல் அந்த நாட்டின் புனர்வாழ்வுச் சட்டத்திலேயே இதற்கு இடம் கொடுத்தார்கள். பிரித்தானியாவில் இப்படித் துணைநிற்பவரின் சம்பளத்துக்கு அரசாங்கமே உதவுகிற திட்டம் 1994 இலிருந்து இருக்கிறது. டென்மார்க்கில் ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையான தோர்கில் சோன என்பவர் 2004 இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். கணினி மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற வேலைக்கு ஓட்டிசம் உள்ளவர்களையே தேடி எடுத்தார். ஒரே காரியத்தைச் சலிக்காமல், ஒரு புள்ளியும் தவறாமல் பார்ப்பார்கள் என்பது அவர் கண்ட பலம்.

அது டென்மார்க். பரந்தனில் மென்பொருள் கொம்பனி கிடையாது. எங்களிடம் இருப்பவை அரிசி ஆலை, வெதுப்பகம், ஆடைத் தொழிற்சாலை, நாற்றுமேடை, அச்சகம், ஹாட்வெயார்க் கடை. எங்கள் தொழில் தருநர்களில் பலர் கோட்டுப் போட்டவர்களுமல்ல. மூன்று பேரை வைத்து மிளகாய்த்தூள் பைக்கற் பண்ணுகிற அக்காவும் ஒரு தொழில் தருநர்தான். இதைப் படிக்கிறவர்களிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள்.

250 கிராம்

அப்படியான ஓர் அக்காவின் ஆலையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணவரை இறுதி யுத்தத்தில் இழந்தவர். அரிசிமாவும் ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் அரைத்துப் பொதிசெய்து கடைகளுக்குக் கொடுக்கிறார். அவரிடம் ஓட்டிசம் உள்ள ஒரு தம்பியைக் கூட்டிப்போனேன். 2006 இல் பிறந்தவன். பேசுவான், ஆனால் குறைவு. முகம் பார்க்கமாட்டான். எண்கள் என்றால் உயிர்.

அவனுடைய தாய் நெடுநாளாக ஒன்றை நம்பிக்கொண்டிருந்தார். "மாத்தளனில பங்கருக்குள்ள கிடந்த பிள்ளை. செல் சத்தத்திலதான் பயந்து பேச்சு நிண்டது." இதே கதையை நான் எத்தனை தாய்மாரிடம் கேட்டிருக்கிறேன்! நூல் கட்டியிருக்கிறார்கள், நேர்த்தி வைத்திருக்கிறார்கள். பயத்தினால் பேச்சுக் குறைகிற பிள்ளைகளும் உண்டு, அது வேறு. ஓட்டிசம் என்பது மூளை வளர்ச்சியோடு சேர்ந்து வருகிற வித்தியாசம். பிள்ளை பிறக்கும்போதே அதன் விதை இருக்கிறது. செல் விழாத ஊர்களிலும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். இலங்கையில் 18 தொடக்கம் 24 மாத வயதுடைய குழந்தைகளிடையே செய்யப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கண்டது. அந்த வயதுக் குழந்தைகள்தான் இன்று வேலைக்குப் போகிற வயதுக்கு வந்திருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய், தன்னால்தான் இப்படியானது என்று நெஞ்சுக்குள் வைத்திருக்கத் தேவையில்லை.

ஆலைக்கார அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். "ஒரு மாசம் பாப்பம் தங்கச்சி. சரிவராட்டி என்னோட கோவிக்கக் கூடாது."

முதல் வாரம் முழுநாளும் நான் அங்கே நின்றேன். பொதிசெய்கிற வேலையைப் பதினொரு படிகளாகப் பிரித்தேன். பையைத் திறப்பது ஒன்று, தராசில் வைப்பது ஒன்று, மா அள்ளுவது ஒன்று என்று. ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, அச்செடுத்து, லமினேற் பண்ணிச் சுவரில் ஒட்டினோம். இரண்டாம் நாள் மத்தியானத்தோடு அவனுக்கு அந்தப் படங்கள் தேவைப்படவில்லை. ஆனாலும் கழற்ற விடவில்லை. இருக்கட்டும் என்று விட்டோம்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. தராசு 249 காட்டினால் ஒரு சிட்டிகை போடுவான். 251 காட்டினால் ஒரு சிட்டிகை எடுப்பான். சரியாக 250 வரும்வரை விடமாட்டான். ஒரு பைக்கற்றுக்கு ஐந்து நிமிடம்! அக்கா என்னைப் பார்த்தார். "கொஞ்சம் கூடக்குறைய இருந்தாப் பறவாயில்லை எண்டு சொல்லுங்கோ" என்றார். 'கொஞ்சம்' என்பது அவனுக்கு ஓர் அளவே அல்ல. ஒரு மட்டையில் 250, 251, 252 என்று எழுதி மூன்றுக்கும் பக்கத்தில் பச்சைச் சரி போட்டுத் தராசடியில் ஒட்டினேன். அன்றிலிருந்து அவன் கை ஓடத் தொடங்கியது. நாளடைவில் ஆலையில் மிக வேகமாகப் பொதிசெய்பவன் அவன்தான் என்று சொல்லமாட்டேன். மற்ற இரு பெண்களும் அவனைவிட வேகம். ஆனால் நிறை குறைவென்று திரும்பிவருகிற பைக்கற் இல்லாமல் போயிற்று. கடைக்காரரிடம் பேச்சு வாங்கிய அக்காவுக்கு அதன் பெறுமதி தெரியும்.

பேச்சு விஷயம் இன்னொன்று. ஒருநாள் அக்கா அவசரமாக வெளியே போகும்போது, "தம்பி, கடையைக் கொஞ்சம் பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது அவன் முற்றத்தில் வெயிலுக்குள் நின்று கடையைப் பார்த்துக்கொண்டே நின்றான். உள்ளே இரண்டு பேர் சாமான் கேட்டு வந்து காத்துநின்றார்கள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அவன் சொன்னபடி செய்தான், நாங்கள் நினைத்ததைச் சொல்லவில்லை. இப்போது அங்கே எல்லோரும் செய்யவேண்டியதை நேராகச் சொல்லப் பழகிவிட்டார்கள். அதனால் புதிதாகச் சேர்ந்த மற்றப் பிள்ளைக்கும் வேலை பழக்குவது சுலபமாகப் போயிற்று என்று அக்காவே சொன்னார்.

மூன்றாம் வாரம் அவன் வீதிக்கு ஓடிவிட்டான். அரைக்கிற இயந்திரத்தைத் திடீரென்று போட்டுவிட்டார்கள். ஓட்டிசம் உள்ள பலருக்குச் சத்தம் காதில் அடி விழுவதுபோல இருக்கும். காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன் ஏ-9 வீதி மட்டும் போய்விட்டான். நல்லகாலம், ஒன்றும் நடக்கவில்லை. வேலை போய்விட்டது என்றுதான் அவனுடைய தாய் நினைத்தார். அன்று பின்னேரம் அக்கா என்னிடம் சொன்னது வேறு. "எனக்கும் இடி இடிச்சாக் கை நடுங்கும் தங்கச்சி. பதினைஞ்சு வருசம் போயும் நடுங்கும். அவனுக்குச் சத்தம் எண்டா என்னெண்டு எனக்கு விளங்கும்." மறுநாள் பொதிசெய்கிற மேசையைப் பின்னறைக்கு மாற்றினோம். தச்சுவேலைக்காரர் போடுகிற காதுமூடி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். இயந்திரம் போடுவதற்கு முன் ஒருவர் வந்து சிவப்பு அட்டையைக் காட்டவேண்டும் என்று ஒழுங்கு வைத்தோம். அவன் காதுமூடியைப் போட்டுக்கொண்டு தலையாட்டிய பிறகுதான் சுவிச்சைப் போடுவார்கள்.

நான்காம் வாரம் அரைநாள்தான் நின்றேன். ஐந்தாம் வாரம் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனேன். ஆறாம் வாரம் இரண்டு தரம். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை, அதோடு அக்கா ரெலிபோன் எடுக்கிற போதெல்லாம். போயா நாளில் ஆலை பூட்டென்று அவனுக்கு முதல்நாளே சொல்லாமல் விட்டபோது ஒருதரம் எடுத்தார். அவன் பூட்டிய படலைக்கு முன்னால் நின்றானாம். லீவு நாட்களுக்குச் சிவப்பில் வட்டம் போட்ட கலண்டர் ஒன்று இப்போது அவன் வீட்டில் தொங்குகிறது.

முதலாளியின் பயமும் நியாயமானது

எங்களில் பலர் முதலாளிமாரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடுகிறோம். நான் போய்ப் பேசியவர்களில் அப்படிப்பட்டவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு இருப்பது பயம். வலிப்பு வந்தால் என்ன செய்வது? இயந்திரத்தில் கையை விட்டால் நான் மறியலுக்குப் போகவேண்டுமா? பிழை விட்டால் ஏசலாமா, ஏசினால் பாவமா? சரிவராவிட்டால் நிற்பாட்டமுடியுமா, ஊர் என்னைத் திட்டுமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாமல் "இரக்கப்பட்டு எடுங்கோ" என்று கேட்டால், இரக்கம் தீர்கிற அன்று வேலையும் தீரும். வலிப்பு உள்ளவர் என்றால் வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, உடன்வேலை செய்பவர்களுக்குச் செய்துகாட்டுகிறேன். பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் வைத்தியசாலை. விபத்து நட்டஈடு 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி எல்லாத் தொழிலாளருக்கும் போலத்தான் இவர்களுக்கும். பிழை விட்டால் மற்றவருக்குச் சொல்வதுபோலவே சொல்லுங்கள். ஆனால் என்ன பிழை, சரியானது எது என்று காட்டிச் சொல்லுங்கள். ஒரு மாதம் பார்த்துச் சரிவராவிட்டால் நிற்பாட்டலாம். நான் வேறிடம் தேடுவேன். இந்தக் கடைசி வாக்குறுதிதான் பல கதவுகளைத் திறந்திருக்கிறது.

ஒருவருக்கு என்ன குறைபாடு என்பதை வேலைத்தலத்தில் யார் யாருக்குச் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். அவரிடம் கேட்காமல் நான் எதையும் சொல்வதில்லை. முதலாளிக்குத் தெரியவேண்டியது முதலாளிக்கு. மற்றவர்களுக்கு "இவர் சத்தத்துக்குக் கஷ்டப்படுவார், முதலே சொல்லிப்போட்டுப் போடுங்கோ" என்பதே போதும்.

காது கேளாத ஒரு தங்கச்சியை அச்சகம் ஒன்றில் சேர்த்தபோது ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. எழுதிக்காட்ட ஒரு வெள்ளைப்பலகை, கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி, அவசரமென்றால் மின்குமிழை மூன்றுதரம் அணைத்துப் போடுவது. அங்கே வேலை செய்கிற மற்ற மூன்று பேரும் சைகைமொழி பழகிவிட்டார்கள். முதலாளிக்கு விளங்காமல் தங்களுக்குள் கதைக்கலாம் என்பதும் அவர்கள் பழகியதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காலிழந்த சகோதரிகளின் தேவை வேறு மாதிரி. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வலதுகால் இல்லாத ஒருவரைச் சேர்த்தபோது மெக்கானிக் வந்து மிதிகட்டையை இடதுகாலுக்கு மாற்றிக் கொடுத்தார். அரைமணித்தியால வேலை. அதற்குப் பிறகும் இரண்டாம் வாரமே வரமாட்டேன் என்றுவிட்டார். காரணத்தை மேற்பார்வையாளரிடம் சொல்ல வெட்கம், என்னிடம் சொன்னார். வெக்கையில் பொய்க்காலுக்குள் தசை வேர்த்து வீங்கிப் புண்ணாகிறது. எனக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையிருக்கவில்லை. மத்தியான இடைவேளையில் அரைமணித்தியாலம் காலைக் கழற்றிவைத்து, துடைத்து, காலுறை மாற்ற ஒரு மறைவான இடம் வேண்டும். அவ்வளவுதான். ஓய்வறையில் ஒரு மூலைக்குத் திரைச்சீலை போட்டுக் கொடுத்தார்கள். கால் பழுதானால் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்துக்கு ஒருநாள் போய்வர லீவு வேண்டுமென்பதையும் அன்றே பேசி எழுதிவைத்தோம். அவர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்.

சாப்பாடு சம்பளமல்ல

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். விளங்கும்திறன் குறைந்த ஒரு தம்பி கடையொன்றில் இரண்டு வருடம் சீமெந்துப் பை தூக்கினான். மத்தியானச் சாப்பாடு, தீபாவளிக்கு ஒரு சேட்டு. சம்பளம் என்று ஒன்றுமில்லை. நான் கேட்கப்போனபோது முதலாளி, "அவனுக்குக் காசு எதுக்கு? நான் பிள்ளை மாதிரித்தானே பாக்கிறன்" என்றார். அவருடைய சொந்தப் பிள்ளை சீமெந்து தூக்கி நான் பார்க்கவில்லை. சம்பளப் புத்தகத்தில் பெயரைப் பதியச் சொன்னேன், மறுத்துவிட்டார். பையனை அங்கிருந்து எடுத்தோம். "வீட்டில இருந்து சுவரைப் பாக்கிறதைவிட அது நல்லம்தானே மிஸ்" என்று தாய் என்னோடு மூன்று மாதம் முகம் கொடுக்கவில்லை. அவருடைய கோபம் எனக்கு விளங்கியது. பிள்ளையை யாராவது நாலு மணித்தியாலம் வைத்திருந்தாலே போதுமென்ற களைப்பு அது. இப்போது அவன் நாற்றுமேடை ஒன்றில் பையில் மண் நிரப்புகிறான். சம்பளம் அவனுடைய பெயரிலேயே வங்கிக்குப் போகிறது.

தாய்மாரே, இதில் நீங்கள் உறுதியாக நிற்கவேண்டும். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்தது. 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் அது திருத்தப்பட்டது. சம்பளத்தில் 8 வீதத்தை ஊழியரும் 12 வீதத்தை முதலாளியும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி வேறாக 3 வீதம் கட்டவேண்டும். தற்காலிக ஊழியருக்கும் இது உண்டு. "நாங்கள் இல்லாத காலத்தில் இந்தப் பிள்ளை என்ன செய்யும்" என்று இரவில் விழித்திருக்கிற உங்களுக்கு, பிள்ளையின் பெயரில் மாதாமாதம் சேர்கிற அந்தப் பணம் எவ்வளவு பெரிய விஷயமென்று நான் சொல்லத் தேவையில்லை.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கத்தை நான் லேசாக எடுப்பதில்லை. எங்கே இன்னொரு பெண் வேலை செய்கிறாளோ அங்கேதான் சேர்ப்பது, முதல் மாதம் போகவர ஒரே ஓட்டோ அல்லது துணைக்கு ஓர் ஆள், தொடக்கூடாத தொடுகை எது என்பதைப் படம் வைத்துப் படிப்பிப்பது, வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு நாளும் அன்று நடந்ததைக் கேட்பது என்று நாங்கள் செய்கிறோம். பேசமுடியாத பிள்ளையென்றால் வேலைக்குப் போவதில் காட்டுகிற மாற்றத்தைக் கவனியுங்கள். நேற்றுவரை சிரித்துக்கொண்டு போனவள் இன்று செருப்பைப் போட மறுத்தால், அது வெறும் சோம்பலாக இருக்காது. உடனே போய்ப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது

எல்லா ஊரிலும் என்னைப்போல ஒரு வேலைத்துணையாளர் இல்லை. ஆனால் இந்த வேலைக்குப் பெரிய பட்டம் தேவையில்லை. பொறுமையும், வேலையைப் படிபடியாகப் பிரித்துப் பார்க்கிற கண்ணும் உள்ள ஒரு சித்தியோ, மாமியோ, வேலையில்லாமல் இருக்கிற ஒரு படித்த பிள்ளையோ ஆறு வாரம் இதைச் செய்யலாம். தாயே போய் நிற்பதை மட்டும் நான் விரும்புவதில்லை. தாய் நின்றால் பிள்ளை தாயைப் பார்க்கும், முதலாளியும் தாயைப் பார்ப்பார். பிள்ளையிடம் நேராக ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

வேலை தேடுவதற்கு முன் ஒரு வாரம் பிள்ளையைக் கவனித்து எழுதுங்கள். எதை நெடுநேரம் சலிக்காமல் செய்கிறது, எந்தச் சத்தத்துக்கு, மணத்துக்கு, வெளிச்சத்துக்கு விலகி ஓடுகிறது, காலையில் சுறுசுறுப்பா பின்னேரமா. "அவனுக்கு ஒண்டும் தெரியாது" என்று சொன்ன ஒரு தாயே அப்படி எழுதிக்கொண்டு வந்தபோது மூன்று பக்கம் நிறைந்திருந்தது. உடுப்புகளை நிறம் பார்த்து அடுக்குவான், விறகைத் தடிப்பம் பார்த்துக் கட்டுவான், பஸ் வருகிற நேரமெல்லாம் மனப்பாடம். அந்த மூன்று பக்கத்தை வைத்துத்தான் அவனுக்குப் பொருத்தமான இடத்தைத் தேடினோம்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரும் அங்கேதான். இருவரிடமும் பெயரைப் பதியுங்கள். தேசிய அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, பிள்ளையின் பெயரில் வங்கிப் புத்தகம் மூன்றையும் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். அடையாள அட்டை இல்லாமல் இருபது வயது தாண்டிய பிள்ளைகளை இன்றும் காண்கிறேன். "இவனுக்கு எதுக்கு" என்று விட்டிருப்பார்கள். சம்பளக் கணக்குத் திறக்கப் போகும்போது அதுதான் முதல் தடையாக நிற்கும்.

கடைசியாக, எல்லாத் தாய்மாரும் மெல்லிய குரலில் கேட்கிற கேள்வி: வேலைக்குப் போனால் மாதாந்தக் கொடுப்பனவை வெட்டிவிடுவார்களா? வருமானம் குறைந்த குடும்பத்திலுள்ள மாற்றுத்திறனாளிக்கு வழங்குகிற கொடுப்பனவு 2025 இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. நிலையில்லாத வேலையை நம்பி அதைக் கைவிடப் பயப்படுவது இயல்பு. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருகிற கொடுப்பனவு என்பதால், வேலை தொடங்குவதற்கு முதலே பிரதேச செயலகத்தில் கேளுங்கள். எவ்வளவு சம்பளம், எத்தனை நாள் வேலை, வேலை நின்றுபோனால் கொடுப்பனவைத் திரும்பப் பெறுவது எப்படி என்று கடிதமாக எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். வாயால் "ஒரு பிரச்சினையுமில்லை அம்மா" என்று சொன்ன உத்தியோகத்தர் அடுத்த வருடம் இடமாற்றம் கிடைத்துப் போய்விடுவார்.